கீமோ தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

2011-ஆம் ஆண்டு நான் ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் என் பெரியம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பீடோங்கை ஒட்டிய ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர் அவர். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம்தான். மலாய் பேசுவார், படிக்க வராது. அதனால் மருத்துவமனைக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். உங்களில் பலர் இந்த வேலையைச் செய்திருப்பீர்கள். வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர், பாரம் நிரப்புபவர், மருந்துப் பையைத் தூக்குபவர், எல்லாம்.

கீமோ தொடங்குவதற்கு முன் ஒரு பாரம் கொடுத்தார்கள். இனிப்பு நீர் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அதில் ஒன்று, 'சாக்கிட் கூனிங்' வந்ததுண்டா என்பது. மஞ்சள்காமாலையைத்தான் அப்படிக் கேட்டிருந்தார்கள். பெரியம்மா சோர்ந்துபோய்க் கண்களை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் 'தீடாக்' கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்த நான், அதற்கும் போட்டுவிட்டேன்.

மூன்று வாரத்திற்கு ஒரு முறை என்று ஆறு சுற்று சிகிச்சை நடந்தது. கட்டி கரைந்தது. முடி மீண்டும் முளைத்தது. பெரியம்மா தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இரண்டரை மாதம் இருக்கும், அவருடைய கண்கள் மஞ்சளாயின. வீட்டில் யாரும் பதறவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து பத்து நாள் கொடுத்தோம். பதினோராம் நாள் பேச்சு குழறியது. மருத்துவமனையில் சேர்த்தபோது ஈரல் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இரண்டு வாரத்தில் போய்விட்டார். புற்றுநோய் அவரைக் கொல்லவில்லை. ஹெப்பாடைட்டிஸ் பி என்ற கிருமி, எப்போதோ உடம்புக்குள் புகுந்து ஈரலில் தூங்கிக்கொண்டிருந்தது, சிகிச்சையால் விழித்துக்கொண்டது என்று மருத்துவர் சொன்னார். அவருக்குச் சின்ன வயதில் காமாலை வந்து லயத்தில் படுத்திருந்த கதையைத் துக்க வீட்டில் ஒரு பாட்டி சொன்னபோதுதான் நான் முதல் முறையாகக் கேட்டேன்.

அந்தக் கோடுதான் அவரைக் கொன்றது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் குற்ற உணர்ச்சி முழுக்கச் சரியானதன்று என்று புரிந்தது. சின்ன வயதில் வரும் காமாலை பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரால் வரும் ஏ வகையாக இருக்கலாம். அது வந்து போய்விடும், உடம்பில் தங்காது. மாறாக, பி வகைக் கிருமியைப் பல வருடம் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காமாலை வந்ததே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் நாட்பட்ட ஹெப்பாடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள். தங்களுக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தாம். ஆக, 'காமாலை வந்ததுண்டா' என்ற கேள்விக்கு உண்மையான பதில் எழுதியிருந்தாலும் அது பெரிதாக எதையும் காட்டிக்கொடுத்திருக்காது. என் கட்டுரையின் வாதமே இதுதான்: இந்தக் கிருமியைப் பாரத்தில் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தத்தில்தான் தேட வேண்டும். கீமோ எடுக்கப்போகும் ஒவ்வொருவரிடமும், இனமோ வயதோ பார்க்காமல் தேட வேண்டும்.

கிருமி எப்படித் தூங்குகிறது, எப்படி விழிக்கிறது என்பதை அறிவியல் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி ஈரல் செல்லின் உட்கருவுக்குள் போய், வட்ட வடிவ மரபணுத் துண்டாக உட்கார்ந்துவிடுகிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைக்கும்; அடியோடு துடைத்தெடுப்பது அரிது. நோய் 'ஆறிவிட்ட' மனிதரின் ஈரலிலும் அந்தத் துண்டு மிச்சமிருக்கும். வாசலில் காவலாளி இருக்கும்வரை உள்ளே இருப்பவன் வெளியே வரமாட்டான். கீமோ மருந்துகள் புற்றுநோய்ச் செல்களோடு சேர்த்து இந்தக் காவலாளியையும் தூங்க வைத்துவிடுகின்றன. கிருமி சத்தமில்லாமல் பெருகுகிறது. இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சிகிச்சை முடிந்து காவலாளி எழுந்து பார்க்கும்போது வீடு முழுக்கத் திருடர்கள். உடனே தாக்குதல் தொடங்குகிறது. அந்தத் தாக்குதலில் சிதைவது ஈரல் செல்கள். அதனால்தான் முடி முளைத்து, சாப்பாடு இறங்கி, எல்லாரும் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் கண் மஞ்சளாகிறது. பெரியம்மாவுக்கு நடந்தது இதுவே.

பெரியம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கிருமியின் மேலுறைப் புரதத்தைத் தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை செய்திருந்தார்கள். முடிவு 'நெகட்டிவ்'. அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் இன்னொரு பரிசோதனை இருக்கிறது. கிருமியின் உட்பகுதிக்கு எதிராக நம் உடல் எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது, ஆண்டி-எச்.பி.சி. என்பார்கள். முதல் பரிசோதனை, திருடன் இப்போது வீட்டில் நடமாடுகிறானா என்று பார்க்கிறது. இரண்டாவது, அவன் எப்போதாவது உள்ளே வந்து போனானா என்று தடயம் பார்க்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட உங்களுக்கு இந்தத் தடயம் இருக்காது. ஊசியில் மேலுறைப் புரதம் மட்டும்தான் உண்டு, உட்பகுதி கிடையாது. தடயம் இருந்தால், உண்மையான கிருமியே வந்திருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாம் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதை ஹாங்காங் மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. மேலுறைப் பரிசோதனை நெகட்டிவ், உட்பகுதித் தடயம் பாசிட்டிவ் என்றிருந்த 46 நிணநீர்ப் புற்றுநோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பழைய கீமோ மட்டும் பெற்ற 25 பேரில் ஒருவருக்கும் கிருமி விழிக்கவில்லை. அதே கீமோவோடு ரிதுக்ஸிமாப் என்ற புதிய மருந்தையும் பெற்ற 21 பேரில் 5 பேருக்கு விழித்தது; ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களையே துடைத்துவிடும் மருந்து ரிதுக்ஸிமாப். நிணநீர்ப் புற்றுநோய்க்கு அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆபத்து எவ்வளவு பெரிது என்றால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விவரத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 2011-இல் அந்த எச்சரிக்கை இல்லை. அதனால் அன்றைய மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றும் ஒருவர் இரண்டாம் பரிசோதனையை விட்டுவிட்டால் கோபம் வரும்.

நிணநீர்ப் புற்றுநோய் அரிது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் மார்பகப் புற்றுநோய்க்குப் பல இடங்களில் கொடுக்கப்படும் டாக்ஸோரூபிசின் மருந்தும் இந்தக் கிருமியை எழுப்பக்கூடியது. மூட்டு வாதம், லூப்பஸ் போன்றவற்றுக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் பிரட்னிசோலோன் மாத்திரையும் அப்படித்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது தடுக்கக்கூடியது. அதுவும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையால். 2003-இல் ஹாங்காங்கில் கிருமி சுமந்த 30 நிணநீர்ப் புற்றுநோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கீமோவுக்கு முன்பே லாமிவுடின் மாத்திரை. மற்றப் பிரிவுக்குக் கிருமி விழித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். முன்பே எடுத்தவர்களில் ஒருவருக்கும் விழிக்கவில்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விழித்தது. பிறகு லாமிவுடினைவிடச் சிறந்த எண்டெகாவிர் வந்தது. இரண்டையும் ஒப்பிட்ட சீன ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. லாமிவுடின் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்குக் கிருமி விழித்தது. எண்டெகாவிர் எடுத்தவர்களில் 6.6 விழுக்காடுதான். எண்டெகாவிர் குழுவில் இந்தக் கிருமியால் ஈரல் அழற்சி ஒருவருக்கும் வரவில்லை. டெனோஃபோவிர் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல், புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனைகளைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. முடிவு வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்றும் சொன்னது. ஆக, நேரம் வீணாகும் என்ற சாக்கும் போயிற்று.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மலேசியா 1989-இல் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. தைவான் 1984-இல் தொடங்கியது. நாம் அதிகம் பின்தங்கவில்லை. நல்ல சாதனைதான். இதை வாசிக்கும் நீங்கள் அநேகமாக எல்லாரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் அந்தப் பக்கம். புற்றுநோய் வார்டில் யார் அதிகம் படுத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது, அறுபது, எழுபது வயதுக்காரர்கள். தடுப்பூசி கிடைக்காத தலைமுறையும் புற்றுநோய் வரும் தலைமுறையும் இன்று ஒன்றே.

அந்தத் தலைமுறை எங்கே வளர்ந்தது? கெடாவில் நம்மில் பெரும்பாலோர் குடும்பம் லயத்து வீடுகளிலிருந்து வந்தது. பிரசவம் லயத்திலோ தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ நடந்தது. ஊசியைக் கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்திய காலம் அது. ஒரே சவரக்கத்தி பல கன்னங்களில் ஓடியது. இந்தக் கிருமி இரத்தத்தின் வழியும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களான பிறகு தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் தங்கும். ஆகவே, நம் பாட்டிமார் சின்னக் குழந்தையாக இருந்த காலத்தில் நடந்ததன் கணக்கு இப்போதுதான் தீர்க்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. யாருக்கு எப்போது காமாலை வந்தது, யாருக்கு ஊசி போட்டது என்று தோட்டத்து டிரசரின் ஏட்டில்தான் இருந்திருக்கும். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஏடு கூட வரவில்லை. ஒரு சமுதாயமே தன் மருத்துவ வரலாற்றை விட்டுவிட்டு லாரி ஏறியது. 'முன்பு என்ன நோய் வந்தது' என்று கேட்டால் 'தெரியாதுங்க ஐயா' என்று நம் பெரியவர்கள் சொல்வதில் அலட்சியம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் ஹெப்பாடைட்டிஸ் பி சீனர்களிடையே அதிகமாகவும் இந்தியர்களிடையே குறைவாகவும் காணப்பட்டது. அப்படியிருக்க, ஏன் இந்தியர் பக்கத்தில் இத்தனை கூச்சல்? குறைவு என்பதுதான் என் கவலை. அதிகம் உள்ள சமுதாயத்தில் மருத்துவரும் நினைவில் வைத்திருப்பார், குடும்பமும் கேட்கும். குறைவான இடத்தில் இருவரும் மறந்துவிடுவார்கள். வார்டில் படுத்திருப்பவருக்கு விழுக்காட்டுக் கணக்கு ஆறுதல் தராது. அவருக்கு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றது அந்த ஆய்வு. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகு பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அறிவியலில் இப்படி நடப்பதுண்டு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் செடி கெடுதல் செய்யவில்லை. செடி தின்றுபோட்ட பத்து நாள்தான் கெடுதல் செய்தது. கீமோ எடுத்தவருக்குக் கண் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவமனை. தோட்டத்து வேலியோரம் அப்புறம் போகலாம்.

கிருமி இருப்பதாகத் தெரிந்து மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் வேறு ஒரு பள்ளம் இருக்கிறது. கடைசிக் கீமோ முடிந்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி விழிப்பதற்கு அதுதான் தோதான நேரம் என்று மேலே சொன்னேன். கீமோ முடிந்து குறைந்தது 12 மாதம் மாத்திரை தொடர வேண்டும். ரிதுக்ஸிமாப் பெற்றவர்களுக்கு 18 மாதம்வரைகூடச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்திய பிறகும் ஈரல் பரிசோதனை உண்டு. ஏன் நிறுத்துகிறார்கள் என்பதும் புரியாததில்லை. அரசாங்க மருத்துவமனை நிபுணர் பிரிவில் கட்டணம் ஐந்து வெள்ளிதான். ஆனால் பாலிங்கிலிருந்து அலோர்ஸ்டாருக்கோ பினாங்குக்கோ போய்வர வண்டிச் செலவு, அழைத்துப்போகும் மகனின் ஒரு நாள் சம்பளம், சாப்பாடு எல்லாம் அந்த ஐந்து வெள்ளிக்குள் இல்லை. மருந்தை அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிலேயே வாங்க வழி உண்டா என்று மருந்தகத்தில் கேளுங்கள். கேட்டால்தான் தெரியும்.

சிலர் பரிசோதனைக்கே பயப்படுகிறார்கள். 'பி இருக்கிறது என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா' என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் இது பரவாது. வீட்டில் மற்றவர்களும் பரிசோதித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஊசி போட்டுக்கொள்ளலாம். பாட்டியின் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பாட்டிக்கு நோயைவிட அந்த டம்ளர்தான் அதிகம் வலிக்கும்.

நான் கேட்பது மூன்று இடத்திலும் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் இரண்டு பரிசோதனை முடிவுகளும் எழுதப்படாமல் முதல் கீமோவுக்கான மருந்துத்தாள் கையெழுத்தாகக் கூடாது. குடும்பம் கேட்டால்தான் நடக்கும் என்ற நிலை, படித்த பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு நீதி, இல்லாத வீட்டுக்கு ஒரு நீதி என்றாகிவிடும். செமலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் தாதியர், மருந்தியல் மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட மாணவர்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும்போது, '1989-க்கு முன் பிறந்தவரா, பி பரிசோதனை செய்ததுண்டா' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிளம்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28 உலக ஹெப்பாடைட்டிஸ் தினம். பள்ளிகளில் அன்றைக்குச் சுவரொட்டிப் போட்டி வைக்கிறார்கள். ஈரலை இடது பக்கம் வரைந்த சுவரொட்டிக்கு முதல் பரிசு கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். போகட்டும். அந்தச் சுவரொட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாட்டியிடம் வாசித்துக் காட்டுகிறீர்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூன்றாவது இடம் நீங்கள். துணைக்குப் போகும் பிள்ளை பாரத்தில் கோடு போடுவதற்கு முன் நோயாளியை எழுப்பிக் கேட்க வேண்டும். பதில் 'தெரியாது' என்றால் தெரியாது என்றே எழுத வேண்டும். பிறகு மருத்துவரிடம் ஒரு கேள்வி. மலாயில் கேட்கக் கூச்சமிருந்தால் இப்படிக் கேளுங்கள்: 'டோக்டர், சூடா பெரிக்சா ஹெப்பாதிதிஸ் பி? டுவா-டுவா ஊஜியான்?' பரிசோதித்தாகிவிட்டதா, இரண்டுமே செய்தாகிவிட்டதா என்று பொருள். முடிவை ஒரு தாளில் எழுதி வாங்கி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அந்தத் தாளும் கூடப் போகட்டும்.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அவர் மகள் நான்காம் படிவம். நான் சொல்லிக்கொடுத்த கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப்போனாள். கேட்டதும் மருத்துவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே கேட்டாளாம். அவர் கோபிக்கவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, 'நேற்றே இரண்டும் எடுத்தோம், முதலாவது நெகட்டிவ், இரண்டாவது நாளை வரும், வந்ததும் உனக்கே சொல்கிறேன்' என்றாராம். மறுநாள் போன் செய்தும் சொன்னார்.